புதன்கிழமை இரவுக்கு ஒரு ட்ரே போதும்

லண்டனில் எங்கள் ஆட்களின் வீடுகளில் ஒவனைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் சாமான்தான் இருக்கும். பொரிக்கிற தாச்சி, தோசைக்கல், ஊரிலிருந்து வந்த நீத்துப்பெட்டி, கேக் அடிக்கவென்று எப்போதோ வாங்கிய அச்சு. மேலே நாலு அடுப்பும் ஒரே நேரத்தில் எரியும். கீழே இருக்கிற ஒவன் வருசக்கணக்காகச் சூடு காணாமல் அலுமாரியாக நிற்கும். இது மாற வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கிழமையில் ஒரு நாள், அதுவும் வேலை நாளில், ஒரு ட்ரே நிறைய மரக்கறியும் நடுவில் நாலைந்து சொசேஜும் பரப்பி ஒவனுக்குள் தள்ளுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்தது. அதைச் செய்கிறவர் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

வடமேற்கு லண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் குசினியில் நான் வேலை செய்கிறேன். காலையில் ஏப்ரன் கட்டித் தலைக்கு வலை போட்டால், பகல் பன்னிரண்டு மணிக்கு முந்நூறு பிள்ளைகளின் சாப்பாடு சூடாக நிற்க வேண்டும். குசினியில் நாங்கள் மூன்று பேர். மூன்று பேரால் அது முடிகிறதென்றால் காரணம் ஒவன்தான். கரட்டையும் உருளைக்கிழங்கையும் வெட்டி எண்ணெயில் பிரட்டி ட்ரேக்களில் பரப்பி உள்ளே விட்டுவிடுவோம். அது வேகிற நேரத்தில் ஒருவர் சலாட் வெட்டுவார், ஒருவர் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் கோப்பைகளில் பெயர் ஒட்டுவார், ஒருவர் மேசை துடைப்பார். அடுப்படியில் நின்று கிண்டிக்கொண்டிருக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பின்னேரம் மூன்று பேரும் களைத்துத்தான் வீட்டுக்குப் போகிறோம். என்னோடு வேலை செய்யும் போலந்துப் பெண் தன் வீட்டிலும் ஒரு ட்ரேயை ஒவனில் வைத்துவிட்டு மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்காருகிறாள். தமிழ்ப் பெண்கள் நாங்கள் வெங்காயம் உரிக்கத் தொடங்குகிறோம்.

வேலையால் வந்து கோட்டைக் கழற்றுவதற்கு முதலே அரிசியைக் களைந்து போடுகிற பெண்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். கறி மணம் பிள்ளைகளின் பாடசாலை ஜாக்கெட்டில் ஏறிவிடக் கூடாது என்று அறைக் கதவுகளை எல்லாம் சாத்தி, ஜன்னலைத் திறந்து, ஒரு குழம்பு, ஒரு பருப்பு, ஒரு வறை, கடைசியில் ஒரு சொதி. சாப்பிட உட்கார எட்டரை ஆகும். பாத்திரம் கழுவி முடியப் பத்து. அடுத்த நாள் விடிய ஆறு மணிக்கு இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போக வேண்டும். இதைச் செய்ய முடியாமல் போகிற நாளில் வீடு மறுபக்கம் சாய்ந்துவிடும். தெருமுனைச் சிக்கின் கடையிலிருந்து எண்ணெய் ஊறிய பெட்டி வரும், சிப்ஸ் வரும், பெரிய போத்தல் கோலா வரும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். முழுச் சமையல், இல்லாவிட்டால் சிக்கின் கடை. நடுவில் ஒன்றும் கிடையாது என்று பல வீடுகள் ஆகிவிட்டன. என் கவலை அதுதான்.

சோறும் கறியும் எனக்கும் உயிர். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகளில் இரவுக்குச் சோறும் மூன்று கறியும் புதிதாகச் சமைத்தார்கள்? பெரிய சமையல் பகலுக்கு. காலையில் சந்தைக்குப் போய் மீன் வாங்கி, திருவலையில் தேங்காய் திருவி, ஒரு மணிக்குச் சோறு. இரவுக்குப் பிட்டு, இடியப்பம், இல்லாவிட்டால் போறணையில் சுட்ட பாணும் சம்பலும், பகல் கறியில் மிச்சமும். இங்கே வந்த பிறகு பகலில் வீட்டில் ஒருவரும் இல்லை. ஆகவே பகல் சமையல் முழுதும் அப்படியே இரவுக்கு வந்துவிட்டது. அதைச் செய்ய வேண்டிய பெண்ணுக்கு மட்டும் பகல் முழுதும் வெளி வேலை. "ஒரு இரவுக்குக் கூடச் சோறு கறி இல்லையா" என்று கேட்கிறவர்கள் ஊர் வழக்கத்தைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார்கள். ஊரில் இரவுச் சாப்பாடு எளிய சாப்பாடாகத்தான் இருந்தது.

இனி ட்ரேக்கு வருவோம். நாலு பேருக்குக் கணக்குச் சொல்கிறேன். சொசேஜ் ஐந்து. உருளைக்கிழங்கு அரைக் கிலோ, கரட் மூன்று, பார்ஸ்னிப் இரண்டு, சிவப்பு வெங்காயம் இரண்டு, குடைமிளகாய் ஒன்று, ப்ரொக்கொலி ஒரு பூ, தோல் உரிக்காத உள்ளிப் பல்லு ஆறேழு. ஒவனை 200 பாகை செல்சியஸில் போட்டுவிட்டுத்தான் கத்தியைக் கையில் எடுக்க வேண்டும். உள்ளே காற்றாடி சுழல்கிற ஒவன் என்றால் 180 போதும், காஸ் ஒவன் என்றால் 6ஆம் இலக்கம். கிழங்கையும் கரட்டையும் பார்ஸ்னிப்பையும் பெருவிரல் நுனி அளவுக்கு வெட்டுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஒரே நேரத்தில் வேகும். பெரிய துண்டும் சின்னத் துண்டும் கலந்து போட்டால் ஒன்று கருகும், மற்றது கடிக்க முடியாமல் நிற்கும்.

அடுத்ததில்தான் சமையலின் பாதி இருக்கிறது. வெட்டிய கிழங்கைத் தண்ணீரில் அலசுங்கள், வெள்ளையாக மாப்பால் கழன்று வரும். பிறகு ஒரு சுத்தமான துணியில் கொட்டி நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் ஒவனின் சூடெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். தண்ணீர் நிற்கிற இடத்தில் சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது; மரக்கறி பொன்னிறம் பிடிக்க ஏறத்தாழ 140 பாகையாவது வேண்டும். லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் விவரித்த மாற்றம் இது. புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. மல்லியும் செத்தல் மிளகாயும் தாச்சியில் வறுபடும்போது வீடு முழுதும் மணக்கிறதே, அதுவும் பெரும்பாலும் இந்த மாற்றத்தால்தான். ட்ரேயை நெருக்கி நிரப்பினாலும் இதே கேடு வரும். ஒன்றின் ஆவியில் மற்றொன்று அவிந்து, தண்ணீர் விட்டுத் தொய்ந்து போகும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் கொஞ்சம் ட்ரே தெரிய வேண்டும். இடம் போதாவிட்டால் இரண்டு ட்ரே வையுங்கள். கண்ணாடிப் பாத்திரம் மெதுவாகத்தான் சூடேறும், ஆகவே தகர ட்ரேதான் நல்லது.

இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் உப்பு, மிளகு. கையால் பிரட்டி ட்ரேயில் பரப்பி உள்ளே வையுங்கள். இருபது நிமிடம் அதை மறந்துவிடலாம். குளிக்கலாம், அம்மாவுக்குப் போன் எடுக்கலாம். பிறகு ட்ரேயை வெளியே எடுத்து, கால் பாகமாகப் பிளந்த வெங்காயம், குடைமிளகாய், உள்ளி எல்லாவற்றையும் சேர்த்து, இடைவெளிகளில் சொசேஜை வையுங்கள். சொசேஜை முள்ளுக்கரண்டியால் குத்தவே கூடாது. குத்தினால் உள்ளே இருக்கிற கொழுப்பும் சாறும் வடிந்து சொசேஜ் வறண்டுவிடும். கழுவவும் கூடாது. பச்சை இறைச்சி பட்ட தண்ணீர் தெறித்துச் சிங்க் முழுதும் கிருமி பரவும். இன்னும் இருபது நிமிடம் போனதும் சொசேஜைப் பிரட்டிவிட்டு ப்ரொக்கொலியைப் போடுங்கள். பிறகு பத்து நிமிடம். இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் கண் வைத்திருக்க வேண்டும். வெங்காய இதழ்களின் ஓரம் கறுக்கத் தொடங்கும், பார்ஸ்னிப் தேன் நிறத்துக்கு வரும், சொசேஜின் ட்ரேயோடு ஒட்டிக் கிடந்த பக்கம் மற்றப் பக்கத்தை விடக் கருமையாக மினுங்கும், அதிலிருந்து இறங்கிய கொழுப்பில் பக்கத்துக் கிழங்கு மொறுமொறுக்கும். கிழங்கு பொன்னிறத்தோடு நிற்கட்டும். கரும்பழுப்பு ஆகும்வரை விட்டால் அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருள் கூடும் என்று பிரித்தானிய உணவுத் தர முகவரகம் 2017இலேயே மக்களுக்கு எடுத்துச் சொன்னது.

வெந்துவிட்டதா என்பதை நிறம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எங்கள் பாடசாலைக் குசினியில் ஆகத் தடித்த சொசேஜின் நடுவில் வெப்பமானியின் ஊசியைச் செருகுவோம். 75 பாகை காட்டினால்தான் ட்ரே வெளியே போகும், அந்த எண்ணையும் நேரத்தையும் கொப்பியில் எழுதிவைப்போம். வீட்டுக்கு இந்த வெப்பமானி மலிவாகவே கிடைக்கிறது. கோழிப் பொரியல் செய்கிற எல்லா வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இல்லாவிட்டால் ஒரு சொசேஜை நடுவில் வெட்டிப் பாருங்கள். ஆவி பறக்க வேண்டும், சிவப்பு எங்கும் இருக்கக் கூடாது.

எங்கள் ருசிக்கு என்ன செய்வது? யாழ்ப்பாணத்துக் கறித்தூளை முதலிலேயே எண்ணெயோடு பிரட்டிவிட வேண்டாம். அது ஏற்கெனவே வறுத்து இடித்தது, அந்தச் சூட்டில் அவ்வளவு நேரம் கிடந்தால் கசக்கும். ப்ரொக்கொலி போடுகிறபோது அரைக் கரண்டி தூவிப் பிரட்டினால் போதும். பெருஞ்சீரகத்தை அரைகுறையாகத் தட்டி வெங்காயத்தோடு போட்டுப் பாருங்கள். இத்தாலியர் பன்றி சொசேஜுக்குள் பெருஞ்சீரகம் வைக்கிறார்கள், நாங்களும் கறித்தூளுக்குப் பெருஞ்சீரகம் போட்டு இடிக்கிறோம். கொழுப்புள்ள இறைச்சிக்கு அது பொருந்தும் என்று இரண்டு ஊர்க்காரரும் கண்டுபிடித்திருக்கிறார்கள். இறக்கியதும் அரைத் தேசிக்காய் பிழிந்துவிடுங்கள். வெந்த உள்ளியைத் தோலிலிருந்து பிதுக்கிப் பாணில் பூசலாம். தொட்டுக்கொள்ளக் கடுகுச் சோஸ். சோறு இல்லாமல் வயிறு நிறையாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு ஒரு சுண்டு சோறு வடிப்பது பெரிய வேலை ஆகாது. மரக்கறி அவர்களுக்கும் அதே ட்ரேதான்.

சொசேஜ் வாங்குகிறபோது பக்கற்றைத் திருப்பிப் பின்பக்கம் வாசியுங்கள். இங்கே சட்டப்படி 'போர்க் சொசேஜ்' என்று விற்க வேண்டுமானால் குறைந்தது 42 வீதம் பன்றியிறைச்சி இருக்க வேண்டும். வெறும் 'சொசேஜ்' என்றால் 32 வீதம் இறைச்சி இருந்தாலே போதும். மிச்சம் ரஸ்க், தண்ணீர், மசாலா. கொஞ்சம் விலை கூடினாலும் இறைச்சி வீதம் கூடியதை வாங்கி, எண்ணிக்கையைக் குறைத்துச் சமைப்பதே நல்லது. கம்பர்லாந்து வகையில் மிளகு தூக்கலாக இருக்கும், எங்கள் நாக்குக்கு அது பிடிக்கும். லிங்கன்ஷயர் வகையில் சேஜ் இலை மணம். ரஸ்க் கோதுமையில் செய்வது, ஆகவே கோதுமை ஒவ்வாதவர்கள் வீட்டில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மாட்டிறைச்சி சாப்பிடாத சைவ வீடுகளுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கோழி சொசேஜ், பன்றி சொசேஜ் என்று போட்டிருந்தாலும், மேலே இருக்கிற மெல்லிய உறை மாட்டுக் கொலாஜனில் செய்ததாக இருக்கலாம். பக்கற்றில் சின்ன எழுத்தில் அதை எழுதித்தான் இருப்பார்கள். ஹலால் பார்க்கிற எங்கள் முஸ்லிம் சகோதரர்களும் உறை வரைக்கும் வாசித்துத்தான் வாங்குகிறார்கள். அந்தப் பழக்கம் எல்லோருக்கும் வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை சைவம் என்றால் சொசேஜே தேவையில்லை. ரின்னில் வருகிற கொண்டைக்கடலையை வடித்து, துணியில் ஒற்றி, மரக்கறியோடு பரப்பினால் அது மொறுமொறுவென்று வரும். லிண்டா மெக்கார்ட்னி பெயரில் 1991 முதல் விற்கிற சைவ உணவு வகைகளில் சொசேஜும் உண்டு. அப்படியான சைவ சொசேஜ்கள் கெதியில் வறண்டுவிடும், கடைசி இருபது நிமிடத்துக்கு வைத்தால் போதும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உடல்நலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை. சொசேஜ் பதப்படுத்திய இறைச்சி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 ஒக்டோபரில், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நாளாந்தம் ஒவ்வொரு 50 கிராமுக்கும் பெருங்குடல் புற்றுநோய் வருகிற வாய்ப்பு ஏறத்தாழ 18 வீதம் கூடுகிறது என்றது. தினசரி சாப்பிடுகிறவர்களைப் பற்றிய கணக்கு அது. சிவப்பு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் சேர்த்து நாளுக்கு 90 கிராமுக்கு மேல் சாப்பிடுகிறவர்கள் 70 கிராமுக்குக் குறைக்க வேண்டும் என்பது இங்குள்ள தேசிய சுகாதார சேவையின் அறிவுரை. ஆறு சொசேஜ் உள்ள 400 கிராம் பக்கற்றில் ஒன்று 65 கிராமுக்குக் கிட்ட வரும். ஆகவே ஆளுக்கு ஒன்று, பசி கூடிய ஒருவருக்கு இன்னொன்று. நாலு பேருக்கு ஐந்து என்று நான் கணக்குச் சொன்னது அதனால்தான்.

கிழமைக்கு ஒரு தடவை என்று நான் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. இங்கிலாந்துப் பாடசாலைகளில் ஒருகாலத்தில் பதப்படுத்திய இறைச்சி தாராளமாகப் பரிமாறப்பட்டது. 2005இல் ஜேமி ஆலிவர் தொலைக்காட்சியில் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பெரிய வாதமே நடந்தது. 2015 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிற பாடசாலை உணவுத் தரங்களின்படி, ஆரம்பப் பாடசாலையில் சொசேஜ் போன்ற இறைச்சித் தயாரிப்புகளைக் கிழமைக்கு ஒரு நாளுக்கு மேல் கொடுக்க முடியாது. மரக்கறியோ சலாட்டோ ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டும். இந்த விதியோடு தினமும் வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இது நல்ல விதி. வீட்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு 400 கிராம் பழமும் மரக்கறியும் என்ற கணக்கில் உருளைக்கிழங்கு சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். கிழங்கைக் குறைத்து கரட்டையும் ப்ரொக்கொலியையும் கூட்டுங்கள். அவித்த கரட்டைக் கோப்பை ஓரத்தில் ஒதுக்கிவிடுகிற பிள்ளைகள், ஓரம் பொன்னிறமான கரட்டை இரண்டாம் தரம் கேட்டு வாங்குவதை நான் பாடசாலையில் பார்க்கிறேன். மரக்கறி பிடிக்காத பிள்ளை என்று சொல்வதற்கு முதல் அதை ஒருமுறை இப்படிச் சுட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

கரண்ட் செலவு கூடாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. முக்கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட ஒவன் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு முன்பின் ஆகும். நாலு அடுப்பை இரண்டு மணித்தியாலம் எரிப்பதும் சும்மா முடிவதில்லை. எயார் ஃபிரையர் உள்ளவர்கள் அதிலேயே செய்யலாம், இரண்டு பேருக்கு அது நன்றாகக் காணும். நாலு பேருக்கு என்றால் கூடை நெருங்கிவிடும்.

குழம்பு வைப்பது கைப்பழக்கம். புளி எவ்வளவு, தேங்காய்ப்பால் எப்போது என்பதெல்லாம் அம்மாக்களின் கையில் இருக்கிறது, அதைச் சாட்டாக வைத்து ஆண்கள் எங்கள் குசினிகளில் நுழையாமல் இருந்துவிட்டார்கள். இந்த ட்ரேக்கு அந்தச் சாட்டு எதுவும் செல்லாது. கிழங்கு வெட்டத் தெரிந்த, மணிக்கூடு பார்க்கத் தெரிந்த யாராலும் முடியும். பதின்மூன்று வயதுப் பிள்ளை, ஆணோ பெண்ணோ, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்யலாம். சூடான ட்ரேயைத் தூக்குகிற வேலையை மட்டும் பெரியவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆகவே தம்பிமாருக்கும் அண்ணாமாருக்கும் நான் கேட்பது இதுதான். கிழமையில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வீட்டுக்கு முதலில் வருகிறவர் ஒவனைப் போடட்டும். உங்கள் மனைவியோ அக்காவோ அம்மாவோ வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது சாப்பாடு மேசையில் இருக்கட்டும். அவர்கள் சாப்பிட்ட கோப்பையையும் ட்ரேயையும் அன்றைக்கு நீங்களே கழுவுங்கள்.